தீனி நீட்டும் பிஞ்சுக் கைகள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி எல்லா இல்லங்களிலும் எழுந்துவிடுகிறது. கடற்கரை, பொருட்காட்சி, உறவினர் வீடு என வழக்கமான இடங்கள் இருக்கின்றன. இவற்றோடு, பார்வையாளர்கள் தம் கையாலேயே விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தீனி கொடுத்து மகிழும் பண்ணைகளும் உலகின் பல பகுதிகளில் பெருகியுள்ளன. தொழிலின் பொருட்டு அயல்நாடுகளில் குடியேறியுள்ள நம் பிள்ளைகள், தம்மைக் காண ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் தம் குழந்தைகளையும் ஒருசேர அழைத்துச் செல்லும் இடங்களுள் இத்தகைய பண்ணைகளும் அடங்கும்.

உயிர்க்காட்சிச் சாலையில் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பது ஒன்று. ஆட்டின் மூச்சுக்காற்று உள்ளங்கையில் படும்படி நின்று தீனி கொடுப்பது வேறொன்று. முன்னதில் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. பின்னதில் அது ஓர் உயிருக்கு உணவளிக்கிறது. உணவளிப்பவருக்குப் பொறுப்பு உண்டு. எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, கொடுத்த பின் என்ன செய்வது என்னும் நான்கையும் அறிந்து கொடுக்கும்போதுதான் அந்தக் கொடை நிறைவு பெறுகிறது. அறியாமல் கொடுத்தால் விலங்குக்கும் தீங்கு. சில வேளைகளில் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இவ்விதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு உரையாட விழைகிறேன்.

பாலைவனத்தில் ஒரு பண்ணை

எடுத்துக்காட்டாக ஓர் இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ், டூசான் என்னும் இரு பெரிய நகரங்கள் உள்ளன. இவற்றை இணைக்கும் பத்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 185 கிலோமீட்டர் பயணத்தின் நடுவே, பிக்காச்சோ என்னும் சிற்றூர் வருகிறது. சுற்றிலும் பாலை நிலம். ஆளுயரத்தைவிடப் பன்மடங்கு வளர்ந்து நிற்கும் சாகுவாரோ கள்ளிகள். கூரிய கொடுமுடியுடன் நிமிர்ந்து நிற்கும் ஒரு குன்று. ஸ்பானிய மொழியில் பிக்காச்சோ என்றாலே கொடுமுடி என்றுதான் பொருள். அந்தக் குன்றின் அருகில், சாலையோரமாக அமைந்திருப்பதே ரூஸ்டர் காக்பர்ன் தீக்கோழிப் பண்ணை.

உள்ளே நுழைபவர்களிடம் தீனி நிரம்பிய கோப்பை தரப்படுகிறது. அதை ஏந்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடந்து செல்லலாம். ஒரு பக்கம் குள்ளக் கழுதைகள், ஒரு பக்கம் ஆடுகள், ஒரு பக்கம் மான்கள், முயல்கள், வாத்துகள். வலை வேய்ந்த பெரிய கூடத்தினுள் சென்றால், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வானவில் வண்ணக் கிளிகள் தோளிலும் தலையிலும் வந்து அமர்ந்து, சிறு கிண்ணத்தில் உள்ள இனிப்பு நீரை நக்கிக் குடிக்கும். மலர்களில் தேனெடுத்து வாழும் இக்கிளிகளின் நாவு நுனியில் தூரிகை போன்ற மயிரிழைகள் இருப்பதைக் குழந்தைகள் அருகிலிருந்தே காணலாம். கடல் எட்டாத அந்தப் பாலைவனத்தில் திருக்கை மீன்களுக்கும் ஒரு தொட்டி உண்டு. இத்தனைக்கும் நடுவே, உயரமான வேலிக்கு அப்பால் நீண்ட கழுத்துகளை நீட்டியபடி நிற்கின்றன தீக்கோழிகள்.

அமெரிக்கப் பாலையில் ஆப்பிரிக்கப் பறவைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்டிர் தம் தொப்பிகளில் தீக்கோழி இறகு சூடுவதைப் பெருமையாகக் கருதினர். அந்த இறகுக்காகவே தென்னாப்பிரிக்காவிலிருந்து பறவைகள் கப்பலேற்றப்பட்டுக் கலிபோர்னியாவுக்கும், பின்னர் அரிசோனாவுக்கும் வந்து சேர்ந்தன. கலிபோர்னியாவின் தென் பாசடீனாவில் இருந்த கோஸ்டன் பண்ணை, இறகு விற்றதோடு நில்லாமல், பார்வையாளர்களையும் ஈர்த்தது. முழு ஆரஞ்சுப் பழத்தை விழுங்கும் பறவையின் கழுத்து வழியே அப்பழம் உருண்டையாக இறங்குவதைக் காண்பது அக்காலத்து வேடிக்கை. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது, இறகு நாகரிகமும் மங்கியது, பண்ணைகள் நொடித்தன. மீண்டும் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் அமெரிக்காவில் தீக்கோழி வளர்ப்பு பெருவேகம் கொண்டது. இணைப்பறவைகளுக்குப் பல்லாயிரம் டாலர் விலை கூறப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அந்த விலையும் சரிந்தது. பறவையை விற்று வாழ்வதைவிட, வருவோர் அதற்குத் தீனியிட்டு மகிழ வழி செய்து வாழ்வது நிலையான தொழில் என்பதை இத்தகைய பண்ணைகள் மெய்ப்பித்துள்ளன.

நமக்கு அந்நியமில்லாத பறவை

தீக்கோழியை நம் மக்கள் நெருப்புக்கோழி என்றும் அழைப்பர். அது தணலையும் பழுத்த இரும்பையும் விழுங்கிச் செரிக்கும் என்னும் பழைய நம்பிக்கையை இப்பெயர் நினைவூட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த பேரறிஞர் அல்ஜாஹிஸ், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில் இச்செய்தியை ஆராய்ந்திருக்கிறார். தணலை உண்பது கட்டுக்கதை. ஆயினும் அக்கதைக்கு ஒரு வேர் உண்டு. தீக்கோழிக்குப் பற்கள் இல்லை. ஆகவே, உண்ட உணவை அரைப்பதற்காக அது கூழாங்கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்கிறது. கல்லைப் பொறுக்கும் அந்தப் பழக்கத்தால், பளபளக்கும் எந்தப் பொருளைக் கண்டாலும் கொத்தி விழுங்க முனைகிறது.

அரபியில் இதன் பெயர் நஆமா. பாரசீகத்தில் ஷுதுர்முர்க், அதாவது ஒட்டகப் பறவை. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் அணிந்தவர் தீக்கோழியைக் கொன்றுவிட்டால் அதற்கு ஈடாக ஓர் ஒட்டகத்தைக் கொடுக்கவேண்டும் என நபித்தோழர்கள் தீர்ப்பளித்த செய்தியை ஃபிக்ஹு நூல்களில் காணலாம். அன்றைய அரபு மண்ணில் இப்பறவை திரிந்துகொண்டிருந்ததால்தான் அத்தகைய தீர்ப்புக்குத் தேவை எழுந்தது. வேதனை என்னவென்றால், அந்த அரேபியத் தீக்கோழி இனம் இன்று உலகில் இல்லை. துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் பாலைவனத்திற்குள் புகுந்த பின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது வேட்டையாடி ஒழிக்கப்பட்டுவிட்டது. அந்த இழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யும் எண்ணத்துடன், அதன் நெருங்கிய உறவான செங்கழுத்துத் தீக்கோழிகளை 1994ஆம் ஆண்டில் மஹாஸத் அஸ்ஸைத் என்னும் காப்பகத்தில் சவூதி அரசு விட்டு வளர்க்கத் தொடங்கியது. பண்ணை வேலியருகே நிற்கும் பிள்ளைக்கு இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். கண்முன் நிற்கும் பறவையை மனிதன் ஒரு நிலத்திலிருந்து அடியோடு அழிக்கவும் வல்லவன், பேணவும் வல்லவன் என்பது அதன் மனத்தில் பதியட்டும்.

இனி, அந்தப் பறவையின் ஆற்றலையும் அறிந்துகொள்வது நல்லது. உலகில் இன்று வாழும் பறவைகளில் இதுவே மிகப் பெரியது. உயரம் இரண்டரை மீட்டருக்கும் மேல் இருக்கும். எடை 100 முதல் 150 கிலோ வரை. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கண்விழி ஒன்றின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டர். அதன் மூளையைவிட விழியே பெரிது. ஒரு முட்டை சுமார் ஒன்றரைக் கிலோ எடையுடன், இரண்டு டஜன் கோழி முட்டைகளுக்குச் சமமாக இருக்கும். அபாயம் வந்தால் தலையை மணலில் புதைத்துக்கொள்ளும் என்பது உண்மையன்று. ஓடும்; ஓட இயலாதபோது முன்னோக்கி உதைக்கும். அந்த உதை மனிதனைக் கொல்லவும் போதுமானது. வேலி உயரமாக அமைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. படம் எடுப்பதற்காகக் குழந்தையை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

கையை எப்படி நீட்டுவது?

தீனி கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விலங்குக்கு விலங்கு அது வேறுபடும்.

கழுதைக்கும் குதிரைக்கும் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். ஆனால் தன் வாய்க்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. உதட்டின் தொடுவுணர்வைக் கொண்டே உணவைத் தேடி எடுக்கிறது. குழந்தை தன் விரல் நுனிகளால் தீனியைப் பிடித்து நீட்டினால், தீனி எது, விரல் எது என்று கழுதையால் பிரித்தறிய இயலாது. மேலும் கீழும் வலுவான முன்பற்கள் கொண்ட விலங்கு அது. ஆகவே, உள்ளங்கையைத் தட்டுப் போல விரித்து, விரல்களை ஒட்டவைத்து, பெருவிரலையும் பக்கத்தில் சேர்த்து அணைத்து, நடுவில் தீனியை வைத்து நீட்டவேண்டும். அப்போது கழுதையின் உதடு மட்டுமே கையில் படும்.

ஆட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. தடித்த ஈறு மட்டுமே உண்டு. எனவே முன்வாயால் கவ்வினாலும் பெரிதாக வலிக்காது. ஆனால் உள்ளே கடைவாய்ப் பற்கள் கூர்மையானவை. ஆடு பிடித்திழுக்கும் என்பதையும் மறக்கலாகாது. துப்பட்டாவின் முனை, சட்டையின் நாடா, கையிலுள்ள காகிதம் எதுவாயினும் அதற்குத் தீனிதான். நெகிழித் தாளையும் கயிற்றையும் விழுங்கிய ஆடு, அவை வயிற்றில் தங்கிச் செரிமானம் அடைபட்டு மடிவதுண்டு. வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் தின்பண்ட உறைகளைப் பையினுள்ளேயே வைத்திருப்பது உங்கள் கடமை.

தீக்கோழியிடம் செல்லும்போது மோதிரம், வளையல், காதணி, தலைத்துணியில் குத்தியிருக்கும் பளபளக்கும் ஊசி, மூக்குக் கண்ணாடி, கைப்பேசி ஆகியவற்றில் கவனம் தேவை. பறித்துக்கொண்டால் திரும்பக் கிடைக்காது. பொருள் போவது சிறிய இழப்பு. ஊசி அதன் குடலைத் துளைத்தால் அப்பறவையின் உயிர் போகும்.

எல்லாவற்றிற்கும் பொதுவான ஒன்றைச் சொல்கிறேன். குழந்தை அஞ்சினால் வற்புறுத்தாதீர்கள். "இவ்வளவு பெரிய பிள்ளை, ஆட்டுக்குப் பயப்படுகிறாயே" என்று உறவினர் முன்னிலையில் நகைப்பது நம்மவரிடம் உள்ள பழக்கம். அச்சம் இகழ்ச்சிக்குரியதன்று, அளவறிந்து நெருங்கச் சொல்லும் இயற்கை உணர்வு அது. முதலில் வாப்பாவோ உம்மாவோ தம் கையால் கொடுத்துக் காட்டட்டும். பிறகு குழந்தையின் கையைத் தம் கைமீது வைத்துக்கொள்ளட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால், முயலையும் வாத்தையும் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு வரட்டும். அடுத்த முறை தானாகவே கை நீளும்.

போதும் என்று சொல்லத் தெரிய வேண்டும்

பண்ணையில் கோப்பையில் அளந்து தருவது ஏன்? கொடுப்பவருக்கு ஆசை அடங்காது, உண்ணும் விலங்குக்கும் அளவு தெரியாது என்பதால்தான். ஆடு, மாடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லையும் இலையையும் மெல்ல மெல்லப் புளிக்கச் செய்து சத்தாக்கித் தருபவை அவையே. நார் நிறைந்த உணவுக்குப் பழகிய அந்த வயிற்றில் திடீரென மாவுப்பொருள் மிகுதியாகச் சேர்ந்தால், அது விரைந்து புளித்து அமிலமாக மாறுகிறது. வயிறு உப்புகிறது, அசைபோடுவது நிற்கிறது, விலங்கு தள்ளாடி விழுகிறது. ஓரிரு நாட்களில் இறந்தும் போகலாம். வெளியிலிருந்து ரொட்டியையும் பிஸ்கட்டையும் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது என்று பண்ணைகள் விதிப்பதன் காரணம் இதுவே.

அன்புச் சகோதரிகளே! இந்த இடத்தில் அரிசோனாவை விட்டுவிட்டு உங்கள் வீட்டு முற்றத்திற்கு வாருங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னதாகக் குர்பானி ஆடு வாங்கி வந்து கொல்லையிலோ மொட்டைமாடியிலோ கட்டி வைக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அதுவே கையால் தீனி கொடுக்கும் முதல் பண்ணை. காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன்பே ஆட்டிடம் ஓடுகிறார்கள். பெயர் வைக்கிறார்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் சோறு வைப்பார். ஒருவர் இட்லி வைப்பார். ஒருவர் பிஸ்கட்டைப் பொட்டலத்தோடு நீட்டுவார். மூத்தவர்களும், "பாவம், வாயில்லாச் சீவன், நன்றாகத் தின்னட்டும்" என்று வடிகஞ்சியோடு மீந்த சோற்றையும் கொட்டிவிடுவார்கள். மறுநாள் ஆடு வயிறு உப்பிக் கிடக்கும். "கண்ணேறு பட்டுவிட்டது" என்று சொல்லிவிடுவோம். பட்டது கண்ணேறு அன்று. அளவுக்கு மிஞ்சிய சோறு.

அன்பினால் கொடுத்ததுதான். ஆனால் அறிவில்லாத அன்பு அந்த ஆட்டை வதைத்துவிட்டது. தாகத்தால் தவித்த நாய்க்குக் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அவர் அந்த விலங்குக்குத் தேவைப்பட்டதைக் கொடுத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டுக்குத் தேவை பசுந்தழை. அகத்தி, வேம்பு, பலா இலை, புல், நிழல், தூய நீர் ஆகியவை போதும். ஆடு வந்த அன்றே பிள்ளைகளை அழைத்து, இதைக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக் கூடாது, இந்த நேரம் அது அசைபோட்டு ஓய்வெடுக்கும் நேரம் என்று சொல்லிவையுங்கள். தவறி நிறையச் சோறு தின்றுவிட்டால், கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். வீட்டில் இந்த ஒழுங்கைக் கற்ற பிள்ளை, எந்த நாட்டுப் பண்ணைக்குச் சென்றாலும் கோப்பை காலியானதும் அழாமல் கையை எடுத்துக்கொள்ளும்.

கை கழுவும் வரை முடியவில்லை

இப்போது இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கருத்தூன்றிப் படியுங்கள்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பொருட்காட்சியில், குழந்தைகள் ஆடுகளையும் செம்மறிகளையும் தொட்டு விளையாடும் ஒரு கூடம் அமைக்கப்பட்டிருந்தது. மகிழ்ச்சியோடு வந்து சென்ற குடும்பங்களில், அடுத்த சில நாட்களில் 108 பேர் நோயுற்றனர். அவர்களில் 15 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் சிக்கல் ஏற்பட்டது. மறு ஆண்டே அம்மாநிலம் இத்தகைய கூடங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பார்வையாளர் பண்ணை ஒன்றிலிருந்து இதே நோய் 93 பேருக்குப் பரவியது. அவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இரண்டிற்கும் காரணம் ஈ.கோலை ஓ157 என்னும் நுண்ணுயிர். மாடு, ஆடு, செம்மறி ஆகியவற்றின் குடலில் இது வாழ்கிறது. அவற்றுக்கு எந்த நோயும் செய்வதில்லை. ஆகவே, பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும் ஆட்டிடமும் அது இருக்கலாம். சாணம், புழுக்கை ஆகியவற்றின் வழியே உரோமத்திலும் வேலியிலும் தரையிலும் ஒட்டிக்கொள்கிறது. மனிதனின் வாய்க்குள் நூற்றுக்கும் குறைவான நுண்ணுயிர்கள் சென்றாலே நோயை உண்டாக்கப் போதும். குழந்தை வேலியைத் தொடுகிறது, பிறகு விரலை வாயில் வைக்கிறது, அவ்வளவுதான். மூன்று நான்கு நாட்களில், சில வேளை பத்து நாட்கள் வரை கழிந்தும், கடும் வயிற்று வலியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் தோன்றும். பெரியவர்களில் பெரும்பாலோர் குணமடைந்துவிடுவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சிலருக்கோ இரத்த அணுக்கள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தின் உதவியால் இரத்தத்தைத் தூய்மைப்படுத்த வேண்டிய நிலை வரும். மரணம் நேர்வதும் உண்டு.

இதைக் கேட்டு அஞ்சி, இனிப் பண்ணைப் பக்கமே போகமாட்டோம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. இத்துணைப் பெரிய ஆபத்தைப் பெருமளவு தடுக்கும் வழி மிக எளியது. சோப்பிட்டு, ஓடும் நீரில், இருபது விநாடிகள் கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே அவ்வழி. விரலிடுக்கு, நக இடுக்கு, மணிக்கட்டு வரை கழுவ வேண்டும். பையில் வைத்திருக்கும் கிருமிநாசினிப் பசையைத் தடவிவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். சாணமும் மண்ணும் படிந்த கையில் அது சரிவர வேலை செய்யாது. தண்ணீரும் சோப்புமே இன்றியமையாதவை.

கழுவும் வரை, கை வாய்க்குப் போகலாகாது. ஆகவே விலங்குகள் உள்ள இடத்திற்குள் உணவு, பால்புட்டி, சூப்பான், பொம்மை எதையும் கொண்டுசெல்லாதீர்கள். தள்ளுவண்டியை வெளியே நிறுத்துங்கள். அதன் சக்கரமும் அழுக்கைச் சுமந்து வரும். ஆட்டையோ முயலையோ முத்தமிட அனுமதிக்காதீர்கள். கைகழுவிய பின்னரே உணவு விரிப்பை விரியுங்கள். வீடு திரும்பியதும் செருப்பைத் துடைத்து வையுங்கள். கருவுற்ற பெண்கள் ஈன்ற ஆடுகளையும் செம்மறிகளையும் இளங்குட்டிகளையும் நெருங்காதிருப்பது நல்லது. கருவுக்குத் தீங்கு செய்யும் நோய்கள் அவற்றின் வழியே பரவக்கூடும். சென்று வந்த இரு வாரங்களுக்குள் பிள்ளைக்கு இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு கண்டால், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பண்ணைக்குப் போய் வந்ததைத் தவறாமல் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகள் இந்நோயில் தீங்கையே விளைவிக்கும். குர்பானி ஆட்டோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் இவை அனைத்தும் பொருந்தும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பண்ணை நல்ல பண்ணை?

ஊரும் நாடும் எதுவாயினும், நுழைந்தவுடன் சில காட்சிகளைக் கவனியுங்கள். கைகழுவும் குழாய்கள் வாசலருகே, குழந்தைகளின் உயரத்திற்கு அமைந்துள்ளனவா? அவற்றில் நீரும் சோப்பும் இருக்கின்றனவா? உண்ணும் இடம் விலங்குகளிடமிருந்து விலகி இருக்கிறதா? இவை உங்கள் பிள்ளைக்காக. விலங்குகளுக்கு நிழலும் தூய நீரும் உள்ளனவா? மனிதக் கூட்டம் சலித்துவிட்டால் அவை ஒதுங்கிப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறதா? இது அவ்வுயிர்களுக்காக. ஒதுங்கிய ஆட்டைத் துரத்திச் சென்று ஊட்டக் கூடாது. பசியில்லாத விருந்தாளியின் வாயில் திணிப்பது விருந்தோம்பல் ஆகாதல்லவா?

அரிசோனாவில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. 2022ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் பரவலாகக் காணப்பட்டு, 2024ஆம் ஆண்டில் கறவை மாடுகளுக்கும் தொற்றியது. எனவே, புறப்படும் முன் பண்ணை திறந்திருக்கிறதா, பறவைகளைப் பார்க்க அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்வது அலைச்சலைத் தவிர்க்கும்.

பெற்றோரே! தீனிக்கோப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுப்பதிலேயே மூழ்கிவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, கையை விரிக்கச் சொல்லிக் கொடுங்கள். அந்த விலங்கின் கண்ணையும் காதையும் உதட்டையும் காட்டி, அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கோப்பை தீர்ந்ததும் போதும் என்று சொல்லப் பழக்குங்கள். பிறகு குழாயடிக்கு அழைத்துச் சென்று, பெரியவர் முதலில் கழுவிக் காட்டுங்கள். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே பின்பற்றுகின்றனர்.

இவ்வாண்டு உங்கள் வீட்டில் ஆடு கட்டும் நாளன்று, இப்பக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்தத் தழையை அது விரும்பி உண்டது, எப்போது அசைபோட்டது என்று அவர்கள் கவனித்ததை எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள்.